மேல்மாடி லேப்டொப்புகளுக்கு மட்டும் ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை?

வெள்ளவத்தையில் ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்யும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணா, எங்கள் ஒஃபிஸில் ஒன்பது பேர். ஃபைல்கள் எல்லாம் கீழ்மாடியில் உள்ள ஒரு லினக்ஸ் பெட்டியில் இருக்கின்றன. அதைச் செட் பண்ணித் தந்த தம்பி இப்போது கனடாவில். மேல்மாடியில் வைஃபை சரியாக வராததால் போன மாதம் அங்கே புது ரவுட்டர் ஒன்று போட்டோம். அன்றிலிருந்து மேல்மாடி லேப்டொப்புகளில் 'பொது' ஃபோல்டர் திறக்கிறது, 'வாடிக்கையாளர்' ஃபோல்டர் அனுமதி இல்லை என்கிறது. லாச்சியில் கிடந்த பழைய யூஎஸ்பி லேன் அடப்டரைச் சொருகி, சுவரில் இருக்கும் பழைய கேபிளைக் கொடுத்தால் மட்டும் எந்த லேப்டொப்பிலும் திறக்கிறது, அதனால் அதையே ஆள் மாறி ஆள் எடுக்கிறோம். புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டொப்பில் அந்த அடப்டரும் பலிக்கவில்லை, 'பொது'கூடத் திறக்கவில்லை. கீழே என் கம்ப்யூட்டரில் மனேஜரின் பெயரில் சம்பள ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தால் 'ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் பெயர்' என்று ஏதோ எரர். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, எல்லாருக்கும் ஃபுல் பெர்மிஷன் கொடுங்கள், ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1ஐ ஓன் பண்ணுங்கள், எல்லாம் சரிவரும் என்கிறார். செய்யலாமா?"

தங்கச்சி, அந்த இரண்டையும் செய்யாதீர்கள். செய்துவிட்டீர்கள் என்றால் இதை வாசித்து முடிக்கும் முன்பே போய்த் திருப்பி மாற்றிவிட்டு வாருங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியது ஒரே பிரச்சினை மாதிரித்தான் தெரியும், ஆனால் உள்ளே மூன்று இருக்கின்றன. மேல்மாடிக்காரருக்கு மறுப்பது சேவர், அதாவது கீழே உள்ள அந்த லினக்ஸ் பெட்டி. புது லேப்டொப்பில் மறுப்பது விண்டோஸ், சேவருக்கு அதில் பங்கே இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது இன்னொரு கதை. மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தேடினால் கடைசியில் கதவையே கழற்றி வைக்க வேண்டி வரும், கடைக்காரர் சொன்னது அதைத்தான். யார் மறுக்கிறார்கள் என்பதை முதலில் பிடியுங்கள், பிறகு திருத்துவது பெரிய வேலை இல்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த அடப்டர் விஷயம்தான் எனக்கு முழுவதையும் விளங்க வைத்தது. எந்த லேப்டொப்பில் சொருகினாலும் திறக்கிறது என்றால் அனுமதி லேப்டொப்புக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை, அந்த அடப்டருக்குத்தான் இருக்கிறது. நெட்வேர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதிந்த ஓர் இலக்கம் உண்டு, அதை மெக் முகவரி என்போம். கனடா போன தம்பி கீழ் ரவுட்டரில் அந்த இலக்கத்துக்கு ஒரு நிரந்தர ஐபி முகவரியை, அதாவது ரவுட்டர் கொடுக்கும் நெட்வேர்க் இலக்கத்தை, ஒதுக்கிவிட்டு, லினக்ஸ் பெட்டியில் ஓடும் சாம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருளில் அந்த ஐபியை 'வாடிக்கையாளர்' ஃபோல்டருக்கான அனுமதிப் பட்டியலில் எழுதியிருப்பார். ஹோஸ்ட்ஸ் அலவ் (hosts allow) என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் எட்டோ ஒன்பதோ ஐபிகள் வரிசையாக இருக்கும். அந்த வரி இருக்கும் இடத்தில், பட்டியலில் இல்லாத யாரையும் சாம்பா உள்ளே விடாது. 'பொது' திறந்து 'வாடிக்கையாளர்' மட்டும் மறுக்கிறது என்பதாலேயே அந்த வரி முழுச் சேவருக்கும் பொதுவான குளோபல் பகுதியில் இல்லை, அந்த ஒரு ஃபோல்டரின் பகுதியில்தான் இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். குளோபலில் இருந்திருந்தால் 'பொது'வும் சேர்ந்து மறுத்திருக்கும்.

அப்படியென்றால் மேல்மாடி லேப்டொப்புகள் போன மாதம்வரை எப்படித் திறந்தன? அதுவரை அவை வைஃபை எடுத்தது கீழ் ரவுட்டரிலிருந்து, அவற்றின் ஐபிகளும் பட்டியலில் இருந்தன. புது ரவுட்டரைப் போட்டவர் கீழிருந்து வரும் கேபிளை அதன் இன்டர்நெட் கேபிளுக்கான வான் (WAN) துளையில், பெரும்பாலும் மற்றவற்றிலிருந்து நிறம் மாறி இருக்குமே அந்தத் துளையில், குத்தியிருப்பார். அப்படிக் குத்தினால் அது தனக்கென ஒரு தனி நெட்வேர்க்கை உண்டாக்கிவிடும். கீழே எல்லாரும் 192.168.1 என்று தொடங்கும் முகவரியில் இருக்க, மேலே 192.168.0 என்று தொடங்கும். அதோடு விடாமல், மேலே இருந்து போகும் எல்லாவற்றையும் தன் ஒரே முகவரியில்தான் கீழே அனுப்பும். வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் இருபது வீடு இருந்தாலும் காலி வீதியில் அதற்கு ஒரே இலக்கம்தானே, அது மாதிரி. மேலே நான்கு பேர் இருந்தாலும் சேவர் காண்பது ஒரே ஒரு முகவரி, அது பட்டியலில் இல்லாத முகவரி.

நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள், பத்து நிமிட வேலை. மேலே ஒருவர் லேப்டொப்போடு இருக்கட்டும், கீழே சேவருக்கு முன்னால் நீங்கள், இடையில் ஃபோன். மேலே இருப்பவர் கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று அடித்து, ஐபிவி4 வரியில் இருப்பதை வாசிக்கட்டும். 192.168.0.105 என்றோ என்னவோ சொல்வார், எழுதி வையுங்கள். பிறகு அவர் 'பொது'வைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் சேவரில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் (smbstatus) என்ற கட்டளையை ரூட் எனப்படும் நிர்வாகி அனுமதியோடு ஓட்டுங்கள். யார் யார் எந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். அவர் வாசித்த 0.105 அங்கே எங்கும் இருக்காது. அதற்குப் பதிலாக 192.168.1.57 மாதிரி, உங்களில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முகவரி இருக்கும். அதுதான் புது ரவுட்டர். இப்போது அவரை 'வாடிக்கையாளர்' ஃபோல்டரைச் சொடுக்கச் சொல்லிவிட்டு சாம்பா நடப்பதைக் குறித்து வைக்கும் லொக் ஃபைலைப் பாருங்கள், அதே முகவரியின் இணைப்பை மறுத்ததாக ஒரு வரி விழுந்திருக்கும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்: லேப்டொப் தன்னை யார் என்று நினைக்கிறது என்பதில் மினக்கெடாமல், சேவர் அதை யாராகக் காண்கிறது என்பதைப் போய்ப் பார்ப்பது.

இந்த இடத்தில் ஓர் ஆசை வரும். அந்த 57ஐயும் பட்டியலில் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று. உடனே திறக்கும், உண்மைதான். ஆனால் அந்த முகவரி கீழ் ரவுட்டர் போகிற போக்கில் கொடுத்தது, கரண்ட் போய் வந்து ரவுட்டர்கள் திரும்ப எழும்பும்போது வேறொன்றாக மாறலாம், பிறகு திரும்பவும் 'நேற்றுவரை வேலை செய்தது' என்ற கதைதான். அதைவிட மோசம், அந்த ஒரு முகவரிக்குப் பின்னால் உங்கள் நான்கு பேர் மட்டும் இல்லை. மேல்மாடியில் வந்து உட்கார்ந்து வைஃபை பாஸ்வேர்ட் கேட்கும் வாடிக்கையாளர்களின் ஃபோன்களும் லேப்டொப்புகளும் அதற்குப் பின்னால்தான். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து நீங்கள் சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சரியான வழி, புது ரவுட்டரை, தனி நெட்வேர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் கொடுக்கும் அக்சஸ் பொயின்ட் என்ற நிலைக்கு மாற்றுவது. இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்களின் செட்டிங்கில் அது இருக்கிறது. இல்லாவிட்டால், முதலில் அதன் சொந்த முகவரியைக் கீழே யாரும் பாவிக்காத ஒன்றாக மாற்றுங்கள், பிறகு அதில் ஐபி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்துங்கள், கடைசியாக வான் துளையில் இருக்கும் கேபிளைக் கழற்றி லேன் துளையில் குத்துங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். கேபிளை முதலில் மாற்றினால் ஒரே நெட்வேர்க்கில் இரண்டு ரவுட்டர்கள் போட்டிக்கு ஐபி கொடுக்கத் தொடங்கி, கீழ்மாடியும் சேர்ந்து விழும். மாற்றி முடிந்ததும் மேலே இருப்பவர்களுக்கும் 192.168.1 முகவரி வரும், சேவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் காணும். விருந்தினருக்கு வைஃபை கொடுப்பதை மட்டும் தனியாக யோசியுங்கள். சில மலிவு ரவுட்டர்களில் அக்சஸ் பொயின்ட் நிலையில் விருந்தினர் வைஃபை பெயரளவுக்குத்தான் தனி, உள்ளே எல்லாம் ஒரே வலைதான். உங்கள் ஃபோனை அதில் இணைத்து, சேவர் எட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவோடு மேல்மாடி பழையபடி ஓடும். ஆனால் நான் இதோடு நிறுத்த மாட்டேன், ஏனென்றால் அந்த அடப்டர் எனக்கு இன்னொன்றையும் காட்டித் தந்துவிட்டது. யார் கையில் இருந்தாலும் திறக்கிறது, பெயரும் கேட்பதில்லை, பாஸ்வேர்டும் கேட்பதில்லை. உங்கள் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிக் கூற்றுகள், வற் கணக்குகள், அவர்களின் ஊழியர் சம்பளப் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் இருக்கும் ஒரே பூட்டு, லாச்சியில் கிடக்கும் அந்த யூஎஸ்பி துண்டு. அடப்டர்கூட வேண்டாம், பட்டியலில் உள்ள ஒரு ஐபியைத் தன் லேப்டொப்பில் கையால் எழுதிக்கொள்ளத் தெரிந்த எவரும், அந்த நேரம் அந்த ஐபிக்காரர் லீவில் இருந்தால், உள்ளே போகலாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக நம் நாட்டிலும் நிறைவேறியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஆட்கள் உங்களை நம்பி அல்லவா இதையெல்லாம் கொண்டுவந்து தருகிறார்கள்.

ஆகவே பூட்டை ஆளுக்குப் போடுங்கள். ஒன்பது பேருக்கும் சேவரில் தனித்தனிக் கணக்கு, அதே பெயர்களைச் சாம்பாவிலும் பாஸ்வேர்டோடு சேர்க்க வேண்டும். சாம்பாவின் பாஸ்வேர்ட் லினக்ஸின் பாஸ்வேர்டிலிருந்து வேறு, லினக்ஸில் கணக்கு இருக்கிறது என்பதற்காகச் சாம்பா ஆளைத் தெரிந்துகொள்ளாது, பலர் சறுக்குவது இதில்தான். ஒன்பது பேரையும் ஒரு குழுவில் போட்டு, 'வாடிக்கையாளர்' ஃபோல்டரின் பகுதியில் வெலிட் யூசர்ஸ் (valid users) வரியில் அந்தக் குழுவை எழுதி, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் நுழைய விடும் விருந்தினர் (guest) அனுமதியை எடுத்துவிடுங்கள். ஐபிப் பட்டியலை வெளிவேலியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு ஐபியாக இல்லாமல் 192.168.1. என்று மொத்தமாக. கடைசியில் இருக்கும் அந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள், புள்ளி இருந்தால்தான் 'இப்படித் தொடங்கும் எல்லாம்' என்று சாம்பா எடுத்துக்கொள்ளும். எதிலும் கைவைக்கும் முன் அந்தச் செட்டிங் ஃபைலுக்கு ஒரு பிரதி, வாடிக்கையாளர் ஃபைல்களுக்கு வெளி டிஸ்கில் ஒரு பெக்கப். மாற்றிய பிறகு டெஸ்ட்பார்ம் (testparm) என்ற கட்டளையை ஓட்டினால் எழுத்துப் பிழை இருந்தால் காட்டிவிடும், ஒரு கருவியின் பெயரையும் ஐபியையும் கொடுத்து அதற்கு அனுமதி உண்டா என்றும் அதில் கேட்கலாம்.

ஒரு குழியை இப்போதே சொல்லி வைக்கிறேன். இத்தனை நாளும் எல்லாரும் விருந்தினராக நுழைந்து எழுதிய ஃபைல்கள் சேவரில் 'நோபொடி' என்ற பெயரில் கிடக்கும். பெயரோடு உள்ளே போகத் தொடங்கியதும் ஃபோல்டர் திறக்கும், ஃபைலும் திறக்கும், சேமிக்கப் போனால் மாட்டேன் என்னும். சாம்பா அனுமதித்தாலும் லினக்ஸ் தன் பக்கத்தில் ஒரு தடவை பார்க்கும், இரண்டும் ஆம் என்றால்தான் வேலை நடக்கும். அதற்கு அந்த முழு ஃபோல்டரையும் புதுக் குழுவின் பெயருக்கு மாற்றி, குழுவுக்கு எழுதும் அனுமதி கொடுத்து, இனி உள்ளே உருவாகும் ஃபைல்களும் அதே குழுவுக்கே போகும்படி செட்ஜிஐடி (setgid) அடையாளத்தையும் போட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் வெறுத்துப்போய், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் 777ஐ அடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அடிக்காதீர்கள்.

இனி புது லேப்டொப். அதில் வரும் செய்தியை முழுதாக வாசித்துப் பாருங்கள், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்ற பொருளில் இருக்கும். அப்படி ஒரு கொள்கையை உங்கள் நிறுவனத்தில் யாரும் போடவில்லை என்பது எனக்கும் தெரியும், அது விண்டோஸே கொண்டுவந்தது. விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தினராகச் சேவருக்குள் போவது இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. பரிமாற்றத்தில் கையொப்பம் வேண்டும் என்றும் அது கேட்கிறது, விருந்தினருக்கு அந்தக் கையொப்பத்தைப் போட வழியே இல்லை. அதனால்தான் அடப்டரும் பலிக்கவில்லை, சேவர் திறந்துவிட்டாலும் லேப்டொப்பே உள்ளே போக மறுக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் அதை அணைக்கும் வழியை யாராவது காட்டித் தருவார்கள், வேண்டாம். மேலே சொன்னபடி அந்த லேப்டொப்காரருக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ஒன்றையும் அணைக்காமல் தானாகத் திறக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரின் எரருக்கு இலக்கம் 1219. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சேவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பெயரில்தான் போகலாம் என்பது விண்டோஸின் சட்டம். காலையில் 'பொது'வைத் திறந்தபோதே ஒரு பெயரில் உள்ளே போய்விட்டீர்கள், பிறகு மனேஜரின் பெயரில் கேட்டால் மறுக்கிறது. இப்போதைக்குத் திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்து மூடிவிட்டு, கறுப்புத் திரையில் நெட் யூஸ் (net use) என்று அடித்து எந்தெந்த இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள், சேவரின் இணைப்புகளை அதே கட்டளையோடு டிலீட் (/delete) சேர்த்து நீக்கிவிட்டுத் திரும்ப நுழையுங்கள். கிரெடென்ஷியல் மனேஜரில் பழைய பெயர் சேமித்திருந்தால் அதையும் எடுங்கள். நிரந்தரத் தீர்வு, 'பொது' உட்பட எல்லா ஃபோல்டருக்கும் எல்லாரும் தங்கள் சொந்தப் பெயரில் மட்டும் போவது. விருந்தினரும் பெயரும் கலந்து கிடக்கும் சேவரில் இந்த 1219 வந்துகொண்டே இருக்கும். சம்பள ஃபோல்டரை நீங்கள் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் பெயரை அந்த ஃபோல்டரின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், மனேஜரின் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அது உங்களுக்கும் பாதுகாப்பு, நாளைக்கு ஒரு கணக்கு மாறிக் கிடந்தால் யார் பெயரில் மாறியது என்ற கேள்வி வரும்.

எஸ்எம்பி 1 பற்றிச் சுருக்கமாக. 2017 மே மாதம் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிய வன்னாக்ரை பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசொஃப்ட் அதற்கான திருத்தத்தை அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் அகப்பட்டார்கள். அந்த ஆண்டு இறுதியிலிருந்தே மைக்ரோசொஃப்ட் எஸ்எம்பி 1ஐ விண்டோஸிலிருந்து படிப்படியாக எடுக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மூன்று பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்லாருக்கும் ஃபுல் பெர்மிஷன் என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி வியாபார இடத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளைக்கு மட்டும் என்று சொல்லி யாரோ எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தார்கள், இரண்டு நாள் மாதக்கணக்காகிவிட்டது. ஒரு விற்பனைப் பொடியனின் லேப்டொப்பில் வந்த ஃபைல் பூட்டும் வைரஸ், தனக்கு எழுத அனுமதி உள்ள எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு போயிருந்தது. அனுமதி எல்லாவற்றுக்கும் இருந்தது. நான் போனபோது கணக்காளர் அம்மா ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள் ஒட்டியிருந்தன, ஒன்று திறக்காவிட்டால் அடுத்தது, அடுத்தது என்று பதினொரு வருடக் கணக்கையும் சொடுக்கிப் பார்த்தார். நான் ஒன்றும் செய்ய முடியாமல் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாவின் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதை வாசிக்கும் வேறு சிலரின் ஃபைல்கள் லினக்ஸில் இல்லாமல் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கலாம். அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஷெயார் அனுமதி ஒன்று, ஃபோல்டரின் செக்யூரிட்டி அனுமதி இன்னொன்று, நெட்வேர்க்கில் வருபவருக்கு இரண்டிலும் எது இறுக்கமோ அதுதான் நடக்கும். மற்றது ஃபயர்வோல். தனியார் நெட்வேர்க்கில் ஃபைல் பகிரும் விதி தன் சொந்த நெட்வேர்க்கில் இருப்பவர்களை மட்டும்தான் இயல்பாக விடும், ஆகவே இந்தத் தங்கச்சியின் ரவுட்டர் மாதிரித் தன் ஒரே முகவரியில் அனுப்பாமல், மேலே உள்ளவரின் முகவரியை அப்படியே கீழே விடும் ரவுட்டர் இடையில் இருந்தால் கதை அங்கே வேறு முகத்தோடு வரும். அனுமதி இல்லை என்று சொல்லாது, கம்ப்யூட்டரையே காணவில்லை என்னும். அனுமதி இல்லை என்றால் கதவுவரை போயிருக்கிறீர்கள், காணவில்லை என்றால் ஃபைல் பகிர்வு போகும் 445ஆம் போர்ட் வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது, தேட வேண்டிய இடமே வேறு.

தங்கச்சி, இதையெல்லாம் மாதக் கடைசி நெருக்கடியில் தொடங்காதீர்கள். போயா லீவு நாள் ஒன்றில் இரண்டு பேராக வந்து செய்யுங்கள், ஒஃபிஸில் யாரும் ஃபைல் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். ஏற்கனவே உள்ளே இருக்கும் இணைப்புகளில் புதுச் சட்டம் உடனே தெரியாது என்பதால், மாற்றி முடிந்ததும் சாம்பாவை ஒருமுறை நிறுத்தி எழுப்பிவிடுங்கள். பிறகு அடப்டரைக் கழற்றி வைத்துவிட்டு, மேல்மாடி வைஃபையில் உங்கள் பெயரில் 'வாடிக்கையாளர்' ஃபோல்டரைத் திறந்து ஒரு ஃபைலை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். அது நடந்தால் பாதிதான் முடிந்தது. அதே லேப்டொப்பில் நெட் யூஸ் வழியாகப் பழைய இணைப்பையும், சேமித்த பெயர் இருந்தால் அதையும் நீக்கிவிட்டு, அடப்டரையும் சொருகி, சேவரில் இல்லாத ஒரு பெயரைக் கொடுத்து இன்னொருமுறை கேளுங்கள். அப்போது திறக்கக் கூடாது. திறந்தால் செட்டிங் ஃபைலையும் டெஸ்ட்பார்ம் காட்டியதையும் எனக்கு அனுப்புங்கள், பாஸ்வேர்ட் எதையும் எழுத வேண்டாம்.